மூன்றாம் நாள் வந்த அருள்

என் தம்பி சேகர் கையில் இருந்த ஜால்ரா திடீரென்று தாளத்தை விட்டுவிட்டுத் தனியாக ஓட ஆரம்பித்தது. நாங்கள் பாடிக்கொண்டிருந்தது மெதுவான பாட்டு. ஜால்ரா மட்டும் கிணுகிணுவென்று அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவன் அதை அடிக்கவில்லை. கை நடுங்கியதில் அதுவாகச் சத்தம் போட்டது.

திருவொற்றியூரில் எங்கள் தெரு முனையில் இருக்கும் பிள்ளையார் கோயிலின் தகரக் கொட்டகை. கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள், விளக்கு வைக்கிற நேரம். கடல் காற்று சில்லென்று வந்துகொண்டிருந்தது. ஆனால் சேகரின் நெற்றியில் பூசியிருந்த விபூதி வேர்வையில் கரைந்து மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"சாமிக்கு அருள் வந்துகீது" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

நான் பாட்டை நிறுத்தவில்லை. சரணத்தை இன்னும் உரக்கச் சொன்னேன். நான் செய்த தவறு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. நான் மாவு மில் வைத்திருப்பவன். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ரொம்ப வருஷமாக எங்கள் தெருக்காரர்களுக்கு மாலை போட்டு, விரதம் சொல்லிக்கொடுத்து, மலைக்கு அழைத்துப் போகிற குருசாமி. இத்தனை வாரம் காட்டுப் பாதையையும் யானையையும் பற்றி எழுதினேன். இந்த வாரம் எழுதப்போவது என் மரமண்டையைப் பற்றி.

தேவி கேட்ட வரம்

சேகர் எனக்கு ஒரே தம்பி. மணலி போகிற வழியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வெல்டர். ஓட்டை விழுந்த பெட்டிகளுக்குத் தகடு வைத்து ஒட்டுகிற வேலை. கைவேலையில் கெட்டிக்காரன். குடியிலும் அப்படித்தான் ஆகிவிட்டான்.

முதலில் சம்பளத்தன்று மட்டும் குடித்தான். அப்புறம் சனிக்கிழமை. அப்புறம் தினமும் சாயங்காலம். கடைசி இரண்டு மூன்று வருஷமாகக் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே கொஞ்சம் ஊற்றிக்கொண்டால்தான் அவனால் சட்டைப் பித்தானைப் போட முடியும். அதை நாங்கள் திமிர் என்று நினைத்தோம்.

ஐப்பசி கடைசியில் அவன் மனைவி தேவி மில்லுக்கு வந்தாள். மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். தும்மிக்கொண்டே நின்றாள்.

"மாமா, இந்த வாட்டி அவருக்கும் மாலை போட்டு வுடு. உன் பேச்ச மட்டும்தான் கேப்பாரு."

"அவன் ஒத்துக்கணுமே, தேவி."

"ஒத்துகினாரு. பாப்பா தலையில கைய வெச்சி சொல்லிட்டாரு. ஒரேடியா வுட்டுர்றேன்னாரு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் குடியை நிறுத்த மாலை போடுவது சாதாரணம். கார்த்திகை முதல் நாள் வரைக்கும் தள்ளாடிக்கொண்டிருந்தவர்கள், துளசி மணி கழுத்தில் ஏறியதும் நிமிர்ந்து நடப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெண்டாட்டியை அடித்தவன் அவளை 'மாளிகைப்புரம்' என்று மரியாதையாகக் கூப்பிடுவான். மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய அன்றைக்கே பாதிப் பேர் கடைக்குப் போய்விடுவார்கள், அது வேறு விஷயம். இத்தனை நாளாவது அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

தேவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒல்லி என்று சொன்னால் போதாது. வளையலைத் தள்ளினால் முழங்கை வரைக்கும் போகும். அவள் ஒரு விரதக்காரி என்று தெருவுக்கே தெரியும். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை, எதையும் விடமாட்டாள். பஜனையில் நானே இரண்டு தடவை எல்லோர் முன்னாலும் அவளைக் காட்டி, "விரதம்னா இந்தம்மாகிட்ட கத்துக்குங்க" என்று பேசியிருக்கிறேன்.

ராடு குடு, சாமி

கொட்டகைக்கு வருகிறேன்.

மாலை போட்ட முதல் நாள் சேகருக்கு வாந்தி. "உள்ள கீற கசடெல்லாம் வெளிய போவுது" என்றேன். இரண்டாம் நாள் இரவு கண் மூடவில்லை என்று தேவி சொன்னாள். "சாமி நெனப்பு" என்றேன். என்னிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

மூன்றாம் நாள் கையில் தொடங்கிய நடுக்கம் தோளுக்கு ஏறி, தாடைக்கு வந்தது. பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. கண் விரிந்து கொட்டகையின் மூலையையே பார்த்தான்.

"இன்னா தெரியுது சாமி?" என்று கேட்டேன்.

"புலிக்குட்டி. ரெண்டு. படுத்துகினு கீது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. புலி யாருடைய வாகனம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொட்டகையில் இருந்த முப்பது பேரும் ஒரே குரலில் சரணம் சொன்னார்கள். நான்கைந்து பேர் அவன் காலில் விழுந்தார்கள். நானும் விழுந்தேன். என் கையால் மாலை போட்டவன் மேல் மூன்றாம் நாளே சாமி இறங்கிவிட்டார் என்று எனக்குள் ஒரு பெருமை கிளம்பியதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன்.

குறி கேட்க வரிசை நின்றது. பூக்காரம்மா முதலில் வந்தார்.

"சாமி, எம்பொண்ணுக்கு எப்ப சாமி கல்யாணம் கூடும்?"

சேகர் அவரைப் பார்க்கவே இல்லை. வலது கை காற்றில் எதையோ பிடித்து இழுத்தது. "ராடு குடு" என்றான். "மூஞ்ச திருப்பிக்கோ. கண்ணு பூடும்."

பூக்காரம்மா ஆடிப்போய்விட்டார். "யாருக்கு சாமி கண்ணு பூடும்? எங்க வூட்டுக்காரருக்கு ஏற்கெனவே ஒரு கண்ணு மங்கலு சாமி."

"மாப்ள கண்ணா இருக்கும்மா. ஜாதகத்த நல்லா பாரு" என்று ஒருவர் பக்கத்திலிருந்து விளக்கம் சொன்னார்.

நான் கேட்டேன்: "சாமி, இந்த வருஷம் யாத்திரை நல்லபடியா முடியுமா?"

"நவுரு, நவுரு. பொட்டி எறங்குது" என்று மேலே பார்த்துக் கத்தினான். முன்னால் கேட்டது வெல்டிங் ராடு, இப்போது கத்தியது யார்டில் கிரேன் பெட்டியை இறக்கும்போது கத்துவது போலவே இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. தட்டில் கற்பூரத்தை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஸ்டெல்லா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எங்கள் எதிர்வீடு. பெரியாஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் ரொம்ப வருஷமாக ஆயா வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். சுண்டல் வாங்கப் பாத்திரத்தோடு வந்திருந்தார். சேகரின் கன்னத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். அவன் வேட்டி நனைந்திருப்பதையும் பார்த்தார்.

"சாமி, கோச்சுக்காதீங்க. இது அருள் இல்ல" என்று என்னிடம் சொன்னார்.

"அப்டி சொல்லாதீங்கக்கா. புலி தெரியுதுன்றாரு" என்றேன்.

"எங்க வார்டுல ஒருத்தனுக்கு பாம்பு தெரியும், ஒருத்தனுக்கு எறும்பு தெரியும். இவருக்குப் புலி. தினம் குடிக்கிற ஆளு சடனா நிறுத்துனா மூணாம் நாளு இப்டித்தான் வரும். உசுரு பூடும் சாமி. தூக்குங்க."

"கற்பூரம் காட்டிட்டு..."

"உங்க சாமி கற்பூரத்துக்கு வெய்ட் பண்ணுவாரு. இது பண்ணாது."

அவர் அப்படிச் சொல்லியும் நான் கற்பூரத்தைக் கொளுத்தினேன். அது எரிந்து முடிவதற்குள் சேகரின் உடம்பு விறைத்து வில்லாக வளைந்து கீழே சாய்ந்தது. வாயில் நுரை தள்ளியது. பெண்கள் பக்கம் நின்றிருந்த தேவியின் அலறலைக் கேட்டுத்தான் எனக்குச் சொரணை வந்தது.

ஸ்டெல்லா அக்கா அவனைப் பக்கவாட்டில் புரட்டிப் பிடித்துக்கொண்டார். வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்று சாவிக்கொத்தோடு வந்தவரைத் தள்ளிவிட்டார். வலிப்பு நின்றதும் ஆட்டோவில் ஏற்றினோம். மெயின் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற ட்ரெய்லர்கள் கண்ணுக்கெட்டிய வரை நின்றிருந்தன. நான் இறங்கி, கறுப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் ஓடி, ஒவ்வொரு டிரைவரிடமாகக் கும்பிட்டு வழி கேட்டேன். "போ சாமி, போ சாமி" என்று வண்டியை ஒடித்து ஒடித்து வழி விட்டார்கள். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

கழற்றிய கை

வார்டில் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார்கள். சேகர் கையையும் காலையும் உதறி ஊசியைப் பிடுங்கப் பார்த்ததால் துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டினார்கள். அப்போதும் தலையைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டான். துளசி மாலை முறுக்கிக்கொண்டு கழுத்தில் பதிந்தது.

"இத எடுத்துருங்க. கழுத்த இறுக்குது" என்றார் நர்ஸ்.

மலைக்குப் போய் வராமல் மாலையைக் கழற்றுவது எங்கள் பழக்கத்தில் இல்லை. வீட்டில் சாவு விழுந்தால் மட்டும்தான் கழற்றுவோம். தேவி என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு அங்கே நான்தான் குருசாமி.

கண்ணை மூடி, "அப்பனே, போட்டவனும் நான், கழற்றுகிறவனும் நான், பாவம் இருந்தால் என் கணக்கில் வை" என்று சொல்லிக் கழற்றினேன். மாலையை என் மடியில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் காலை ஒரு டாக்டரம்மா வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நிறுத்தணும்னு நெனச்சது நல்லதுதாங்க. ஆனா இவ்ளோ வருஷம் குடிச்சவர் ஆஸ்பத்திரிக்கு வராம ஒரே நாள்ல நிறுத்தக் கூடாது. மூளை அந்தச் சாராயத்துக்கு ஈடு கொடுத்து வேல செஞ்சே பழகியிருக்கு. அத டக்குனு எடுத்தா தறிகெட்டு ஓடும்."

இது எனக்கு உடனே புரிந்தது. மில்லில் அரைத்துக்கொண்டிருக்கும்போது மேலே தானியம் சட்டென்று தீர்ந்துவிட்டால் மெஷின் கத்திக்கொண்டு பறக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். தினமும் மெஷினோடு நிற்கிற எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

"திமிரு இல்லீங்களா டாக்டர்?"

"காய்ச்சல் வந்தா திமிருன்னு சொல்வீங்களா? இதுவும் வியாதிதான். வைத்தியம் இருக்கு. மெதுவாத்தான் சரியாகும்."

இரண்டு வருஷமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த கோபம் அந்த வார்டு வராண்டாவில் இறங்கிப் போயிற்று. தம்பி கெட்டவன் இல்லை. அவனுக்கு உடம்பு சரியில்லை. அவ்வளவுதான். சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து, பக்கத்துக் கட்டில்காரரின் மாமியார் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் சேகர் கண்ணைத் திறந்து தெளிவாகப் பார்த்தான்.

"ண்ணா. பசிக்குது."

அதற்கப்புறம் கழுத்தைத் தடவிப் பார்த்தான். "மாலை எங்கண்ணா? யார் கழட்டுனது?"

"நான்தான்."

"சாமி குத்தம் ஆயிடாதா?"

"ஆச்சுன்னா எனக்கு ஆவட்டும். நீ இட்லி துன்னு."

அத்திப்பட்டுக்குப் போனேன்

இதற்கு நடுவில் பழைய கதை ஒன்று. பல வருஷங்களுக்கு முன்னால் கிரேன் ஓட்டுகிற ஒருவருக்கு மாலை போட்டேன். அவரும் குடிகாரர். இரண்டாம் நாளே நடுத்தெருவில் வலிப்பு வந்து விழுந்து முன்பல் இரண்டு போயிற்று. திருட்டுத்தனமாகக் கறி சாப்பிட்டிருப்பான், விரதம் கெட்டதற்குச் சாமி தண்டித்துவிட்டார் என்று தெரு முழுக்கப் பேசியது. நானும் பேசினேன். அவமானம் தாங்காமல் அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு அத்திப்பட்டுப் பக்கம் போய்விட்டார்.

டாக்டரம்மா சொன்ன பிறகு இது என்னைத் தூங்கவிடவில்லை. விசாரித்துக்கொண்டு போனேன். நிலக்கரித் தூசி படிந்த ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குடியை எப்போதோ விட்டிருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அன்னிக்கி நான் கறி துன்னவே இல்ல சாமி" என்றார்.

"தெரியும். இப்பத்தான் தெரியும்."

"எம்பொண்டாட்டி மட்டும் நம்புனா." புதுப் பல்லைக் காட்டிச் சிரித்தார். "அத்த வுடு. டீ துட்டு நீ குடு."

கையில் இருந்த ஒன்று

ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர் ஒரு அம்மா இருந்தார். வீட்டுக்காரர்களையும் வரச் சொல்லிப் பேசுவார். முதல் நாள் சேகரை விட்டுவிட்டுத் தேவியிடம்தான் கேட்டார்: "காலைல என்னம்மா சாப்ட்டீங்க?"

"விரதம்" என்றாள் தேவி.

"நேத்து?"

நான் முந்திக்கொண்டு, "அவங்க ரொம்ப பக்திங்க மேடம்" என்றேன்.

"நீங்க கொஞ்சம் இருங்க. அவங்க சொல்லட்டும்."

தேவி பேசினாள். அவள் பேசியதை அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

"அவரு குடிச்சா நான் சாப்ட மாட்டேன்னு சாமிகிட்ட சொன்னேங்க. கோவத்துலதான் சொன்னேன். அவரு தெனமும் குடிச்சாரு. மொதல்ல வயிறு எரியும். அப்பால பசி பூடும். ஒரு மாதிரி லேசா இருக்கும். வூட்ல எதுவுமே என் சொல்லு கேக்கல. இது ஒண்ணுதான் என் கையில இருந்திச்சு. அப்பால விரதம் இல்லாத நாள்லயும் சோறு எறங்கல. சோத்தப் பாத்தா பயமா கீது. குண்டாயிடுவேனோன்னு கூட பயம் வருது. பைத்தியமான்னு நெனைப்பாங்கன்னு விரதம்னே சொல்லிகினேன்."

சேகர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். நான் பஜனையில் அவளைக் காட்டிப் பேசியது எனக்கு ஞாபகம் வந்தது. பட்டினியால் செத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு மைக் வைத்துக் கைதட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த அம்மா இதுவும் ஒரு நோய்தான் என்றார். சாப்பாட்டில் கை வைக்க முடியாமல் போவது அழகு பார்க்கிற பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதில்லை, மனசு நெருக்கப்படுகிற யாருக்கும் வரலாம் என்றார். சாமி கும்பிட வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. "சாமிக்காக இருக்கிற விரதத்துக்கு மறுநாள் ஒரு முடிவு உண்டுல்ல? உங்களுக்கு அந்த முடிவு வரலையேம்மா" என்றார். எனக்கு இத்தனை வருஷத்தில் தோன்றாத விஷயம் அது.

அவளுக்கும் வைத்தியம் தொடங்கியது. ரத்தம் சோதித்தார்கள். முதலில் கஞ்சி, அப்புறம் ஒரு இட்லி. வீட்டுக்கும் கட்டளை உண்டு: மூன்று வேளையும் புருஷனும் பெண்டாட்டியும் மகளும் ஒன்றாக உட்கார வேண்டும். யாரும் அடுத்தவர் தட்டைப் பார்க்கக் கூடாது. இன்னும் ஒரு வாய் என்று கெஞ்சவும் கூடாது.

எல்லாம் நேர்கோட்டில் போகவில்லை. ஆடி மாதம் சேகர் ஒரு நாள் குடித்துவிட்டான். அன்றைக்குத் தேவியும் தட்டைத் தள்ளிவிட்டாள். ஆனால் மறுநாள் காலை இரண்டு பேரும் ஒன்றாக பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதை ஸ்டெல்லா அக்கா வந்து சொன்னபோது மில்லை நிறுத்திவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். விழுந்தவர்களுக்குப் போக ஒரு வழி தெரிந்திருக்கிறது. எனக்கு அது போதும்.

அடுத்த கார்த்திகை

அந்த வருஷத்திலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். மாலை கேட்டு வருகிற ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துப் போய், காலையிலேயே குடிப்பதுண்டா, குடிக்காவிட்டால் கை நடுங்குமா என்று கேட்பேன். ஆமாம் என்றால், முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம்தான் மாலை. "குருசாமி இன்னா டாக்டராயிட்டாரா?" என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

கார்த்திகை முதல் நாள் விடிந்ததிலிருந்தே கொட்டகையில் கூட்டம். சேகர் குளித்துவிட்டு, வெள்ளை வேட்டியில் வந்திருந்தான். உடம்பு தேறியிருந்தது. எல்லோருக்கும் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றான். கை நடுங்கவில்லை. வரிசை பாதி ஆனதும் நான் அவனுக்கென்று பார்த்து வாங்கிய புது மாலையைத் தட்டிலிருந்து எடுத்தேன்.

"வாடா. டாக்டர்கிட்ட நானே கேட்டுட்டேன். மாத்திரைய வுடாம போலாமாம்."

அவன் குனியவில்லை. மாலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"வேணாண்ணா."

"ஏன்டா?"

"மாலை போட்டா ஒரு நாளு கழட்டணும்ல. கழட்டுற நாள நெனச்சாத்தான் எனக்கு பயம். இப்ப இன்னிக்கி ஒரு நாளுன்னு ஓடிகினு கீது. அப்டியே ஓடட்டும்."

மாலை போட வேண்டாம் என்று ஒருவன் சொல்லி, அதை நான் சரி என்று ஒப்புக்கொண்டது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. மாலையைத் தட்டில் வைத்துவிட்டு, அவன் நெற்றியில் விபூதி மட்டும் பூசினேன்.

சந்தனக் கிண்ணத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுச் செருப்பைத் தேடினான்.

"இருடா. பொங்கல் குடுப்பாங்க, துன்னுட்டுப் போ."

"இல்லண்ணா, எட்டு மணி ஆச்சு. தேவி தோச ஊத்தி வெச்சிகினு குந்தியிருப்பா. நான் போனாத்தான் அவளும் சாப்டுவா."

ட்ரெய்லர்கள் போகிற சத்தத்துக்கு நடுவில் வேகமாக நடந்து போனான். நான் அடுத்த சாமியைக் கூப்பிட்டேன்.